சுகர் ஊசி சைவமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் செயற்கை உயிரியல் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். வழக்கமாக ராசிபலனுக்குத்தான் அவ்வளவு கடிதம் வரும், இந்த முறை எனக்கும் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடமில்லை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், திட்டி எழுதியவர்களுக்குத் தனியாகக் கடிதம் போடுகிறேன்.

போடிநாயக்கனூர் வாசகர்: மரபணு மாற்றம் என்று பி.டி. பருத்தி காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது செயற்கை உயிரியல் என்கிறீர்கள். சரக்கு பழசு, லேபிள் மட்டும் புதுசா?

பாதி சரி. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால் அந்தத் துறைக்காரர்களே ஆளுக்கொரு இடத்தில் போடுவார்கள். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். பனையில் கலயம் கட்டுகிறோம். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். கள்ளாக்குவது ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று சாராயத்தை வெளியே விடுவது அதன் பிறவிக்குணம், நாம் செய்ததெல்லாம் பானை வைத்ததுதான். அந்த ஈஸ்ட்டுக்குள் வேறோர் உயிரின் மரபணு ஒன்றைச் செருகி, இந்தப் புரதத்தையும் சேர்த்துச் செய் என்று வேலை வாங்கினால் அது மரபணுப் பொறியியல், 1970களின் சமாச்சாரம். ஒன்றுக்குப் பதில் பத்து இருபது மரபணுக்களைப் பல உயிர்களிலிருந்து பொறுக்கி, எது எப்போது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்கிற விசைகளையும் சேர்த்து, மொத்தத்தையும் கணினியில் எழுதி, எழுதியபடியே டி.என்.ஏ.வை ரசாயன முறையில் செய்து வாங்கி ஈஸ்ட்டுக்குள் வைத்தால், அதைச் செயற்கை உயிரியல் என்கிறார்கள். (கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை என்பது நினைவிருக்கிறது. உதாரணம்தான், யாரும் கேஸ் போட வேண்டாம்.)

டி.என்.ஏ.வை எழுதுவது என்று சொன்னேனே, அதில் முதல் கை நம் பக்கத்துக் கைதான். பிரிக்கப்படாத பஞ்சாபில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்த ஹர்கோபிந்த் கொரானா 1970இல் ஒரு மரபணுவை முழுக்க ரசாயனமாகவே செய்து காட்டினார். அதில் 77 எழுத்துகள் (டி.என்.ஏ.வில் வரிசையாகக் கோத்திருக்கும் ரசாயனத் துண்டுகளைத்தான் எழுத்து என்கிறேன்). ஒரு பெரிய குழு சில வருடம் உழைத்து 77 எழுத்து! 2010இல் அமெரிக்காவில் கிரெய்க் வென்டர் குழு ஒரு பாக்டீரியாவின் மொத்த டி.என்.ஏ.வையும், ஏறத்தாழ 10.8 லட்சம் எழுத்துகளை, செய்து இன்னொரு பாக்டீரியாவுக்குள் வைத்து உயிரோடு ஓடவிட்டது. நடுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போனதால் மூன்று மாதம் வேலை நின்றதாம். பத்திரிகையில் பிழை திருத்துகிறவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

அதே குழு 2016இல், உயிர் வாழ அவசியமானது போக மிச்சத்தையெல்லாம் நீக்கி 473 மரபணுக்களில் ஒரு பாக்டீரியாவைக் கொண்டுவந்தது. அந்த 473இல் 149 என்ன வேலை செய்கின்றன என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. எடுத்தால் செத்துப்போகிறது, அதனால் இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், கீழே ஒரு கேள்விக்குத் தேவைப்படும்.

காரைக்குடி வாசகி: எனக்கு வயது 71. பிறந்ததிலிருந்து சுத்த சைவம். டாக்டர் இனி இன்சுலின் ஊசிதான் என்கிறார். அது பன்றிக் குடலில் இருந்து எடுப்பது என்று என் மகன் பயமுறுத்துகிறான். உண்மையா?

அம்மா, உங்கள் மகன் சொல்வது பொய் இல்லை, காலம்தான் தவறு. குடலும் இல்லை, கணையம்.

என் அத்தைக்கு 1980களில் இன்சுலின் போட்டார்கள், திருவாரூர் பக்கம். கண்ணாடி ஊசியை ஒரு சின்னப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைப்பது என் வேலை. ஃபிரிட்ஜ் கிடையாது, மருந்துப் புட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டி மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைப்போம். அந்தப் புட்டிக்குள் இருந்தது மாடு அல்லது பன்றியின் கணையத்தில் இருந்து எடுத்தது. அத்தையும் சைவம்தான். கடைசிவரை வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த நாளிலிருந்து அறுபது வருடம் உலகம் முழுக்க இதே கதைதான். கால் கிலோவுக்கும் சற்றுக் குறைவான சுத்த இன்சுலினுக்கு இரண்டு டன் பன்றி உறுப்புகள் தேவைப்பட்டன என்பது அமெரிக்காவில் சொல்லப்படும் கணக்கு. அதாவது சர்க்கரை நோயாளியின் உயிர் கசாப்புக்கூடத்தின் வரத்தை நம்பி இருந்தது. இன்சுலின் என்பது அமினோ அமிலங்கள் என்கிற மணிகளைக் கோத்த மாலை மாதிரி. பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம், மாட்டினுடையதற்கு மூன்று. அந்தச் சின்ன வித்தியாசமும், கூடவே வந்த அசுத்தங்களும் சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் தடிப்பு, அரிப்பு, குழி என்று படுத்தியது.

1978இல் கலிபோர்னியாவில் ஜெனன்டெக் கம்பெனியும் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையின் ஆய்வாளர்களும் சேர்ந்து மனித இன்சுலினை இ.கோலி பாக்டீரியாவிடம் செய்ய வைத்தார்கள். 1982இல் அமெரிக்கா அனுமதித்தது. உங்களுக்காகவே ஒரு விவரம்: அந்த மரபணுவை அவர்கள் மனித உடம்பிலிருந்து வெட்டி எடுக்கவில்லை. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பது தெரியும், அதற்கேற்ற எழுத்துகளை கெய்ச்சி இடாகுரா என்கிற வேதியியலாளரின் குழு சோதனைக் குழாயிலேயே கோத்தது. ஆக அது பன்றியும் இல்லை, மாடும் இல்லை, மனிதனும் இல்லை. எழுதிய எழுத்து.

இப்போது நம் ஊர் மருந்துக்கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ செய்ததுதான். பெங்களூர் பயோகான் 2004இல் கொண்டுவந்தது பிக்கியா என்கிற ஈஸ்ட்டைக் கொண்டு. மருந்துப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் 'ஆர்டிஎன்ஏ ஆரிஜின்' என்று இருக்கும். அது இருந்தால் விலங்குக் கணையத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதைச் சைவம் என்று சான்றிதழ் தரும் அதிகாரம் எனக்கில்லை, ஆனால் தயிர் சாப்பிடுகிற சைவருக்கு ஈஸ்ட் செய்த மருந்தில் என்ன தடை என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் சொன்னபடி போட்டுக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

மூலனூர் விவசாயி: நான் மூன்று ஏக்கரில் கண்வலிக்கிழங்கு போட்டிருக்கிறேன். ஆய்வகத்திலேயே மருந்துச் சத்தைச் செய்துவிடுவார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. செடியை வைத்திருக்கலாமா, பிடுங்கிவிடலாமா?

வந்ததிலேயே என்னை அதிகம் யோசிக்கவைத்த கடிதம் இதுதான். மற்றவர்களுக்காக: கண்வலிக்கிழங்கு என்பது செங்காந்தள்தான், நம் மாநில மலர். பந்தல் போட்டு ஏற்றி, காலையில் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதையை எடுத்து விற்கிறார்கள். விதையில் இருக்கிற கொல்சிசின் கீல்வாதத்துக்கு, அதாவது யூரிக் அமிலம் படிந்து மூட்டு வீங்குகிற கௌட்டுக்கு மருந்து. 2023இல் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்கும் குறைந்த அளவில் அனுமதித்தார்கள், ஆகவே தேவை குறைகிற சரக்கு இல்லை.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். 2020இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் சாட்டலி என்பவரின் குழு, இதே செங்காந்தளை எடுத்து, செடிக்குள் கொல்சிசின் எந்தெந்தப் படிகளில் உருவாகிறது என்று ஏறக்குறைய முழுசாகக் கண்டுபிடித்தது. அந்த மரபணுக்களைப் புகையிலையின் ஒன்றுவிட்ட உறவான ஒரு செடிக்குள் வைத்து, கொல்சிசினுக்குச் சில படிகள் முன்னால் உள்ள பொருளை அந்த இலையிலேயே செய்தும் காட்டினார்கள். 2022இல் டென்மார்க்கைச் சேர்ந்த குழு ஒன்று, நித்தியகல்யாணியில் கிடைக்கிற வின்பிளாஸ்டின் என்கிற புற்றுநோய் மருந்துக்கான மூலப்பொருள்களை ஈஸ்ட்டிடம் செய்ய வைத்தது. நித்தியகல்யாணியும் தென் மாவட்டங்களில் ஏற்றுமதிக்குப் பயிரிடுகிற செடிதான்.

உடனே பிடுங்கப் போய்விடாதீர்கள், இன்னொரு கதை இருக்கிறது. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் என்று ஒரு மருந்து. சீனாவில் தூ யூயூ 1972இல் ஒருவகை மாசிபத்திரிச் செடியில் இருந்து பிரித்தது, 2015இல் நோபல் வாங்கித் தந்தது. சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்க விவசாயிகள் அந்தச் செடியைப் பயிரிட்டார்கள். விலை ஏறினால் எல்லாரும் நடுவது, விலை விழுந்தால் எல்லாரும் கைவிடுவது, மறுபடி தட்டுப்பாடு, மறுபடி ஏற்றம், சின்ன வெங்காயத்துக்கு நாம் பார்க்கிற அதே கூத்து. இதைத் தீர்க்க கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் ஜே கீஸ்லிங் என்பவர் ஈஸ்ட்டைப் பழக்கினார். பில் கேட்ஸ் அறக்கட்டளை 2004இல் 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2006இல் ஈஸ்ட் கொஞ்சம் செய்தது, 2013க்குள் ஈஸ்ட் வளர்க்கிற தொட்டியில் ஒரு லிட்டர் திரவத்துக்கு 25 கிராம் மூலப்பொருள் என்கிற அளவுக்குத் தேறிவிட்டது. சனோஃபி கம்பெனி இத்தாலியில் கரேசியோ என்கிற ஊரில் தொழிற்சாலை போட்டது. வருடத்துக்கு 50, 60 டன் செய்யலாம், உலகத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. செயற்கை உயிரியலின் முதல் பெரிய வெற்றி என்று எல்லாரும் கை தட்டினார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதற்குள் செடியிலிருந்து எடுக்கிற மருந்தின் விலை கிலோ 250 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. தொட்டியில் செய்தது 350க்குக் குறையவில்லை. 2015இல் அந்தத் தொழிற்சாலை ஒரு கிலோகூடச் செய்யவில்லை, அப்புறம் அதை வேறு கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். வயல் ஜெயித்தது. ஆனால் 250க்குக் கீழே போன விலையில் அந்த விவசாயிக்குக் கையில் என்ன நின்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், ஜெயித்தார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே ஐயா, கொல்சிசினைத் தொட்டியில் செய்ய முடியும் என்பது வேறு, உங்கள் விதையை விட மலிவாகச் செய்ய முடியும் என்பது வேறு. முதலாவதே இன்னும் முழுசாக நடக்கவில்லை. இப்போது பிடுங்க ஒரு காரணமும் இல்லை. மூன்று ஏக்கரையும் இதிலேயே போட்டுவிட்டு ஒரே வியாபாரியை நம்பி உட்கார்ந்திருப்பீர்களானால் அது ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும் ஆபத்து, அதை மட்டும் மாற்றுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நம் செடியை வெளிநாட்டுக் கம்பெனி வேண்டும் என்றால் விதையையாவது கப்பலேற்ற வேண்டும், 2002ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி அனுமதி, பங்கு என்று பேசலாம். இப்போது செடியின் மரபணு எழுத்துகள் இணையத்தில் கிடக்கின்றன, இறக்கிக்கொண்டு டி.என்.ஏ.வை அங்கேயே செய்துகொள்ளலாம். செடி ஊரைத் தாண்டவே வேண்டாம். அப்படிப் பயன்படுத்தும் கம்பெனிகள் லாபத்தில் 1 சதவீதமோ வருமானத்தில் 0.1 சதவீதமோ போடட்டும் என்று 2024இல் கொலம்பியாவின் காலி நகரத்தில் கூடிய நாடுகள் பேசி முடித்தன, 2025 பிப்ரவரியில் காலி நிதி என்று அதைத் தொடங்கியும் வைத்தார்கள். போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உண்டியல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வேலூர் வாசகர்: இந்தப் புது சிகிச்சைகள் எல்லாம் கோடிக்கணக்கில் என்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத கனிதானா?

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேன், பதிலில் பாதி உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

முதலில் கசப்பு. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்குகிற தாய்ச் செல்லை, வெளியே எடுத்து, மரபணுவைத் திருத்தி, திரும்ப உள்ளே செலுத்துகிற சிகிச்சை ஒன்றை அரிவாள்செல் சோகைக்கு (ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய்) 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்தன. பெயர் காஸ்ஜெவி. அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அரிவாள்செல் நோய் இந்தியாவில் முதலில் பதிவானது எங்கே தெரியுமா? 1952இல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம். அந்த மக்களையும் அந்த விலையையும் ஒரே வரியில் எழுதக் கை கூசுகிறது.

இன்னொன்று கார்-டி, சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கான சிகிச்சை. நோயாளியின் டி செல்லுக்குள், அதாவது நோயை எதிர்க்கிற ஒருவகை வெள்ளணுவுக்குள், புற்று செல்லை அடையாளம் காட்டுகிற ஒரு கொக்கியின் மரபணுவை வைத்து அனுப்புவது. அமெரிக்காவில் 2017இல் முதல் அனுமதி, 4,75,000 டாலர். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து நம் ஊரிலேயே ஒன்றை உருவாக்கி 2023 அக்டோபரில் அனுமதி வாங்கின, நெக்ஸ்கார்19 என்று பெயர். ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய், அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கு என்று தலைப்புப் போடலாம், ஆனால் வீட்டை விற்றாலும் 40 லட்சம் வராத குடும்பங்கள்தான் இங்கே அதிகம்.

இப்போது உங்கள் ஊர். ஹீமோஃபிலியா ஏ, அதாவது ரத்தம் உறையாத நோய், அதற்கு வேலூர் சி.எம்.சி.யில் ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்தார்கள். உறைவதற்கு வேண்டிய எட்டாம் காரணியின் மரபணுவை அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்பு சும்மா இருக்கும்போதே மூட்டில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தவர்களுக்கு, கண்காணித்த காலத்தில் ரத்தக்கசிவே இல்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆய்விதழில் வந்தது. ஐந்தே பேர், இன்னும் பல வருடம் பார்க்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அந்தப் பக்கம் போகும்போது அந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் மரியாதையாகப் பாருங்கள்.

எட்டாத கனியா என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மஞ்சள் காமாலையில் ஒரு வகை, கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். 1990களில் அதற்கான ஊசி வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒரு டோஸ் பல நூறு ரூபாய், எந்தக் கூலித் தொழிலாளி தன் பிள்ளைக்குப் போடுவார்? ஹைதராபாதில் வரபிரசாத் ரெட்டி என்கிற எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்று கம்பெனி தொடங்கி, வைரஸின் மேல்தோல் புரதத்தை ஈஸ்ட்டிடம் செய்யவைத்து, 1997இல் 50 ரூபாய்க்கு இறக்கினார். பிறகு போட்டி வந்தது, விலை இன்னும் சரிந்தது. 2011 டிசம்பரில் ஐந்து நோய்க்கு ஒரே ஊசி என்று பென்டாவேலன்ட் வந்தபோது இந்தியாவிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் கேரளமும் தமிழ்நாடும். அந்த ஐந்தில் ஒன்று ஹெபடைடிஸ் பி. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அக்கா காசு வாங்காமல் போட்டுவிடுகிறார், கைக்குழந்தை அழுகிறது, இது உயிரித் தொழில்நுட்பம் என்று யாருக்கும் தோன்றுவதுகூட இல்லை. கார்-டி அந்த நிலைக்கு வருமா என்றால், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டிய மருந்து என்பதால் அவ்வளவு சுலபமில்லை. தொட்டியில் மொத்தமாகப் பொங்குவது மலிவாகும், ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைப்பது அவ்வளவு சீக்கிரம் மலிவாகாது.

சிங்கப்பூர் வாசகி: ஊசி மருந்தைச் சோதிக்க ஏதோ நண்டின் நீல ரத்தம் எடுப்பார்களாமே, பாவம் இல்லையா?

உண்மைதான். குதிரைலாட நண்டு, பெயரில்தான் நண்டு, சிலந்திக்குத்தான் நெருங்கிய சொந்தம். பாக்டீரியா நச்சு துளி பட்டாலும் அதன் ரத்தம் உறைந்துவிடும், அதனால் ஊசி மருந்திலும் சலைனிலும் நச்சு இருக்கிறதா என்று பார்க்க அதைப் பயன்படுத்துகிறார்கள். பிடித்து, ரத்தம் எடுத்து, கடலில் விடுகிறார்கள், ஒரு பகுதி செத்துப்போகிறது.

இதற்கு மாற்று பிறந்ததே உங்கள் ஊரில்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ பாவ் என்கிற தம்பதி, நச்சைக் கண்டுபிடிக்கிற அந்த ஒரு புரதத்தின் மரபணுவைப் பிரித்து, நண்டே இல்லாமல் செய்யும் வழியைக் கண்டார்கள். 2003இல் சந்தைக்கே வந்துவிட்டது. ஐரோப்பிய மருந்து விதிநூல் அதை முழுசாக ஏற்றது 2021இல். அமெரிக்க விதிநூலில் 2025இல். அறிவியல் தயாரான பிறகு தாளில் கையெழுத்து விழ இருபது வருடம் போயிருக்கிறது. பாவம் எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் வாசகர்: டி.என்.ஏ.வை எழுத முடியும் என்றால் கெட்டவன் கையில் கிடைத்தால் நோயை எழுத மாட்டானா?

எழுதலாம், அந்தப் பயம் நியாயமானது. 2002இல் நியூயார்க்கில் எகார்ட் விம்மர் குழு, கடிதத்தில் ஆர்டர் கொடுத்து வாங்கிய டி.என்.ஏ. துண்டுகளைக் கோத்து போலியோ வைரஸையே உருவாக்கியது. 7,500 எழுத்து. கெட்ட நோக்கம் இல்லை, முடியும் என்று எச்சரிக்கத்தான் என்றார்கள். 2018இல் கனடாவில் குதிரை அம்மை வைரஸை, பெரியம்மையின் பங்காளி, ஒரு லட்சம் டாலர் அளவு செலவில் செய்து வெளியிட்டபோது எத்தனையோ விஞ்ஞானிகளே, இதை ஏன் அச்சில் போட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். எனக்கும் அந்தக் கட்சிதான்.

டி.என்.ஏ. செய்து விற்கிற பெரிய கம்பெனிகள், வருகிற ஆர்டர் ஆபத்தான கிருமியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தே அனுப்புகின்றன. பெரும்பாலும் தாமாக ஏற்ற கட்டுப்பாடு. ஆனால் எழுத்து கையில் இருந்தால் உடனே கிருமி தயார் என்று நினைப்பதும் தவறு, சமையல் குறிப்பு இருப்பவர்களெல்லாம் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைத்துவிட முடியுமா? கைப்பழக்கம், கூடம், பணம் எல்லாம் வேண்டும். அது எத்தனை நாள் காவல் நிற்கும் என்பதுதான் பிரச்சினை.

2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள் சேர்ந்து இன்னொரு எச்சரிக்கை விட்டார்கள். நம் உயிர் மூலக்கூறுகளுக்கு இடம் வலம் உண்டு, கை மாதிரி. அதைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பிப் போட்டு ஒரு பாக்டீரியா செய்தால், நம் நோய் எதிர்ப்பு சக்திக்கு அது கண்ணில் படாமலே போகலாம், செய்யவே வேண்டாம் என்றார்கள். இதில் என்னைத் தொட்டது, அந்த ஆராய்ச்சிப் பாதையில் நடந்துகொண்டிருந்தவர்களே சிலர் நின்று கையெழுத்துப் போட்டது. 473 மரபணுக் கணக்கு நினைவிருக்கிறதா? மூன்றில் ஒரு பங்கு என்ன செய்கிறதென்று தெரியாமலே ஓட்டுகிறோம். அப்படிப்பட்ட டிரைவர் மலைப்பாதையில் நிறுத்திவிட்டு இறங்கினால் நான் அவரைப் பாராட்டுவேன்.

விருத்தாசலம் வாசகி: கலர், உயரம், மூளை எல்லாம் பார்த்து ஆர்டர் கொடுத்துப் பிள்ளை பெறும் காலம் வருமா?

நிறம், உயரம், அறிவு எதுவும் ஒரு மரபணுவின் வேலை இல்லை, நூற்றுக்கணக்கில் கலந்து கிடக்கிறது. ஆனால் ஒருவர் அவசரப்பட்டார். 2018இல் சீனாவில் ஹே ஜியான்குய், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கட்டும் என்று கருவிலேயே ஒரு மரபணுவைத் திருத்தி இரட்டைப் பெண்குழந்தைகள் பிறக்கச் செய்தார். உலகமே கண்டித்தது, மூன்று வருடம் சிறைத் தண்டனை கிடைத்தது. கருவில் திருத்தினால் பிள்ளையின் பிள்ளைக்கும் அது போகும், அதுதான் பயம்.

இதற்கு நேர் எதிராக 2025இல் பிலடெல்ஃபியாவில் கேஜே என்கிற கைக்குழந்தை. அம்மோனியாவைக் கழிக்க முடியாத, அபூர்வமான, உயிரைக் குடிக்கிற பிறவிக்கோளாறு. அந்த ஒரு குழந்தையின் ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த ஆறு மாத அளவில் ஒரு மருந்தை எழுதி, கல்லீரலுக்கு அனுப்பினார்கள். குழந்தை தேறி வீட்டுக்குப் போனது. திருத்தம் அதன் உடம்போடு நிற்கும், சந்ததிக்குப் போகாது. செய்தி படிக்கும்போது இது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

அருப்புக்கோட்டை மாணவர்: பிளஸ் டூ படிக்கிறேன். இந்தத் துறைக்கு என்ன படிக்கலாம்?

தம்பி, 2000களில் பயோடெக்னாலஜி என்றால் அடுத்த ஐ.டி. என்று சொல்லிச் சேர்த்தார்கள், படித்தவர்களில் எத்தனையோ பேர் கடைசியில் சோழிங்கநல்லூரில் நிஜ ஐ.டி.யிலேயே போய் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் கல்லூரி விளம்பரத்தை நம்பாதீர்கள், லேப் எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே மதுரை காமராசர் பல்கலைக்கழகம், நாட்டில் முதன்முதலில் எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி தொடங்கிய சில இடங்களில் ஒன்று. ஐஜெம் என்று மாணவர்களுக்கான உலகப் போட்டி இருக்கிறது, பாக்டீரியாவை வைத்து ஏதாவது செய்து காட்ட வேண்டும், சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் போயிருக்கிறார்கள். கணக்கையும் கோடிங்கையும் விடாதீர்கள். தொட்டி ஓட்டக் கற்றவர்களுக்கு, அதாவது ஃபெர்மென்டேஷன் தெரிந்தவர்களுக்கு, வேலை கிடைக்கும், அது பார்க்கக் கவர்ச்சியாக இருக்காது.

நாகர்கோவில் வாசகர்: இவ்வளவு எழுதுகிறீர்களே, மரபணு மாற்றிய மருந்தை உங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்வீர்களா?

ஏற்றிக்கொண்டாயிற்று, அனேகமாக நீங்களும்தான். கோவிஷீல்டு நினைவிருக்கிறதா? சிம்பன்சியின் சளி வைரஸ் ஒன்றை எடுத்து, பெருக முடியாதபடி அதன் மரபணுவை வெட்டி, அந்த இடத்தில் கொரோனாவின் முள் புரதத்துக்கான மரபணுவைச் செருகிச் செய்தது. 2021இல் எங்கள் தெரு மாநகராட்சிப் பள்ளியில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று போட்டுக்கொண்டேன். இரண்டு நாள் காய்ச்சலும் இடது கை வலியும். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், இதெல்லாம் இயற்கைக்கு விரோதம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், டோக்கனை மட்டும் விடவில்லை.